விரிப்பின் அந்த முனையைப் பிடித்திருந்தவருக்கு

என்னைத் தாஷா என்று கூப்பிட்ட ஒரே ஆளான லரீசா அக்காவுக்கு,

பிந்தித்தான் எழுதுகிறேன். நீங்கள் போய்விட்ட அந்தக் கிழமையே நான் எழுதியிருக்க வேண்டும். எந்த மொழியில் எழுதுவது என்று அப்போது தெரியவில்லை. உங்கள் ரஷ்ய மொழியில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் நன்றியும், துணி அழுத்தும் மெசினை நீங்கள் திட்டுகிற இரண்டு சொற்களும்தான். ஜெர்மனில் தொடங்கினால் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி வருகிறது. நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் உங்களோடு போய்விட்டது.

ஆகவே தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் மொழிப் பிரச்சினை இருக்காதுதானே? இல்லை, அங்கேயும் சான்றிதழ் கேட்கிறார்களோ?

சனிக்கிழமை எங்களுக்குப் பேச்சுச் சோதனை. பாருங்கள், 'எங்களுக்கு' என்று கை தானாக எழுதிவிட்டது. எனக்கு.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆங்கிலச் சோதனையின் பேச்சுப் பகுதிக்கு ஆளைத் தனியே கூப்பிட மாட்டார்கள். இரண்டு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு பிரச்சினையைத் தந்து, இரண்டு பேரும் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள் என்பார்கள். ஒருவரே கதைத்துக்கொண்டிருந்தால் புள்ளி குறையும். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் குறையும். தெரிந்தவரோடு சோடியாகப் பதியலாம் என்றார்கள், நாங்கள் பதிந்தோம். நீங்கள் போன பிறகு சோதனை நிலையத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. மார்க்கோ. காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாராம், ஒரு வருடம் அவுஸ்திரேலியாவில் இருந்தவராம். சோதனைக்கு முதல் தொலைபேசியில் கொஞ்சம் கதைத்துப் பழகிப் பார்ப்போமா என்று அவரே எழுதிக் கேட்டார். நான் பல நாட்களாகப் பதில் எழுதவில்லை.

எழுதினால் கதைக்க வேண்டி வரும். நீங்கள் போன நாளிலிருந்து என் வாயிலிருந்து ஒரு ஆங்கில வசனம் வெளியே வரவில்லை, அக்கா.

எங்களுக்கு இந்த ஆங்கிலம் எதற்கு என்று என் கணவர் சிவா முதலில் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "ஜெர்மனே ஒழுங்கா ஓடேல்லை, அதுக்குள்ளை இங்கிலீசோ?" என்றார். என்றாலும் நாங்கள் வகுப்புக்குப் போகும் மாலைகளில் ரயில் நிலையத்துக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். ஆரே ஆற்றங்கரைப் பக்கமாக இருக்கிற தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளர் தேவை. அங்கே ஆய்வுக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். சான்றிதழோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் கரகந்தாவில் நகரசபைத் தண்ணீரைச் சோதித்தவர். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தவள். இரண்டு பேரும் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே இல்லை. இரண்டாம் நாள் பெரிய மெசினின் கதவைத் திறந்ததும் ஒரு நெடி வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளித்து "குளோரின்" என்றோம். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். யாரோ அளவு தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கு விளங்கியது. அன்று மத்தியானம் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியின் பாதி என் பக்கம் வந்தது.

பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்க்க வேண்டும். அதைப் பாடமாக்கியது நீங்கள்தான். தூரத்தில் நிற்கும்போது ஒருவர் ஒரு வசனம் தொடங்க வேண்டும். முனைகள் சேரும்போது மற்றவர் பதிலை முடிக்க வேண்டும். பதிலில் மஸ்ட், ஷுட், குட், மைட் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பிழை விட்டால் விரிப்பைத் திரும்ப விரித்து முதலிலிருந்து. மழை பெய்கிறது என்பேன். நீ குடை கொண்டுபோயிருக்க வேண்டும் என்று என் கைக்குள் இரண்டு முனைகளைத் திணிப்பீர்கள். மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்த இரண்டு பேரும் ஏன் மடித்ததையே மடிக்கிறார்கள் என்று தலையைச் சொறிவார்.

வகுப்பில் உங்கள் பிழைகளைக் கேட்டு ஆசிரியை மொய்ரா நெற்றியைத் தடவுவார். எனக்கு அவை எல்லாம் விளங்கின. அவை எங்கள் வீட்டுப் பிழைகள். "டு மீ இஸ் கோல்ட்" என்பீர்கள். நாங்களும் அப்படித்தானே, எனக்குக் குளிருது என்போம். நான் குளிர் என்று யார் சொல்வார்கள்? மொய்ரா திருத்தியதும் நீங்கள் எழும்பி நின்று, நான் குளிர் இல்லை, குளிர் வெளியே நிற்கிறது, அது என்னிடம் வருகிறது என்று கையைக் காட்டி விளங்கப்படுத்தினீர்கள். கரகந்தாக் குளிரைக் கண்டவரோடு யார் வாதாடுவது?

எனக்குப் போக வேணும், எனக்குத் தெரியும், எனக்கு ஏலாது. உங்கள் மொழியிலும் இவை எல்லாம் ஆளுக்கு வந்து சேர்கிற விஷயங்களாகத்தான் இருந்தன. ஆங்கிலத்தில் மட்டும் ஆள் முன்னுக்கு வந்து நான், நான் என்று தொடங்க வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கூட்டுப் பெயரடைகளைப் படித்த கிழமையை மறக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளை என்பதை நீங்கள் "த்ரீ இயர்ஸ் ஓல்ட்" என்று சொல்ல, மொய்ரா அந்த 'ஸ்'ஸை வெட்டினார். மூன்று வருடம், அது எப்படி ஒரு வருடமாகும் என்று சண்டைக்குப் போனீர்கள். தமிழிலும் மூன்று வயதுப் பிள்ளைதான், வயதுகள் இல்லை என்று நான் சொன்னேன். அப்படியென்றால் வெள்ளைக்காரன் உங்களிடமிருந்துதான் களவெடுத்திருக்கிறான் என்றீர்கள். அதோடு சமாதானம்.

அதற்குப் பிறகு இல்லத்தில் இருக்கிற எல்லோருக்கும் இரண்டு சொல் சேர்த்துப் பட்டம் வைத்தீர்கள். சூப்-வெறுக்கும் ஐயா. ஜன்னல்-காதலிக்கும் அம்மா. மேற்பார்வையாளருக்கு வைத்ததை இங்கே எழுத மாட்டேன். நான் எனக்கு என்ன என்று கேட்டேன். நீங்கள் விரிப்பை உதறிக்கொண்டே, யோசிக்காமல், "எவ்ரிதிங்-ஃபியரிங்" என்றீர்கள். எல்லாவற்றுக்கும்-பயப்படும் தாஷா.

பொய்யில்லை. காலையில் உடை மாற்றும்போதே, இன்றைய பயம் எது என்று கேட்பீர்கள். உங்கள் ஆங்கிலத்தை என் காது எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்டு வைத்திருக்கிறது: "தாஷா, இண்டைக்கு எது?" பிள்ளைக்கு இருமல். பராமரிப்பு நிலையத்தில் அவள் மற்றப் பிள்ளைகளோடு கதைப்பதில்லையாம். சிவாவின் வேலைத்தலத்தில் ஆட்குறைப்பு என்று கதை. யாழ்ப்பாணத்தில் அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் சலவைக் கூடைகளைக் காட்டுவீர்கள். வெள்ளைத் துணிக் கூடை மஸ்ட். நிறத்துணிக் கூடை ஷுட். துடைக்கிற துணிகளைப் போடுகிற அழுக்குக் கூடை மைட். இருமலுக்கு மருந்து கொடுக்க வேண்டும், அது வெள்ளையில். அம்மாவுக்கு ஏதாவது நடந்திருக்கக்கூடும் என்பது அழுக்குக் கூடையில். "மைட் எல்லாத்தையும் அதுக்குள்ளை போடு. நான் தோய்ச்சுத் தாறன்."

ஒரு நாள், ஆங்கிலத்தில் நீ என்றும் நீங்கள் என்றும் வித்தியாசம் இல்லாதது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னைவிட இருபது வயது மூத்தவரை வெறும் 'யூ' என்று கூப்பிடுவது நாக்கில் ஒட்டவில்லை. அன்றுதான் அக்கா என்று தொடங்கினேன். நீங்கள், தலைக்குள்ளே உன்னை எப்போதும் 'நீ' என்றுதான் சொல்கிறேன், அது உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டீர்கள்.

அந்த வேலை ஓரிடம்தான் என்று தெரிய வந்த நாளைப் பற்றியும் எழுத வேண்டும். ரயில் நிலைய வாங்கில் இருந்தோம். நான் விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு ஆள். இரண்டு பேரும் ஒரே கதவைத் தட்டப் போகிறோம் என்று அதுவரை நான் யோசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏன் இந்த முகம்? நீயும் போடு, நானும் போடுறன். என்னை எடுத்தா நீ கேக் வாங்கு. உன்னை எடுத்தா நான் வாங்குறன். எப்பிடியும் கேக் இருக்கு."

அது உண்மையான சிரிப்போ? அன்று இரவு முழுக்க நான் அதைத்தான் யோசித்தேன். கேட்கத் துணிவு வரவில்லை. பிறகு கேட்க ஆளும் இல்லை.

நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில், தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அப்படியே போய்விட்டீர்கள். இதயம் என்றார்கள். திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அம்மா வந்து அதைச் சொன்னபோது, நான் முதலாவது விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி உங்களுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் சொல்லி முடித்த பிறகும் நின்றேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த நான், நீங்கள் செத்துப்போவீர்கள் என்று ஒரு நாளும் பயந்ததில்லை. அது எந்தக் கூடையிலும் இருக்கவில்லை. அதனால், நான் எதற்குப் பயப்படவில்லையோ அதுதான் நடக்கும் என்று இப்போது ஒரு புதுப் பயம் பிடித்திருக்கிறது. எதையும் தவறவிடாமல் பயந்துகொண்டிருக்கிறேன். பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைக்கிறேன். சிவா ரயிலைத் தவறவிட்டால் போதும், பத்துத் தரம் தொலைபேசி எடுக்கிறேன். இதை எல்லாம் தோய்த்துத் தர யார் இருக்கிறார்கள்?

அடுத்த வகுப்பில் மொய்ரா என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டார். விளங்கியது. பதிலும் தலைக்குள் இருந்தது. வாய் திறக்கவில்லை. முனையைப் பிடிக்க ஆளில்லாத விரிப்பு மாதிரி எல்லாம் கீழே விழுந்துவிடும் என்று இருந்தது. இப்போது என்னோடு மடிக்க ஒரு எரித்திரியப் பிள்ளை வருகிறாள். நல்ல பிள்ளை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முனையை நேராகப் பிடிக்கிறாள். நாங்கள் ஒன்றும் கதைப்பதில்லை. வேலை கெதியாக முடிகிறது.

சிவா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் இந்த முறை விடும். அடுத்த முறை எடுக்கலாம், ஒண்டும் குறையாது" என்றார். பிறகு, கொஞ்சம் சிரிக்க வைக்க நினைத்து, "அல்லது போய் இரும். அந்த மார்க்கோ என்ன, உம்மைத் திண்டுபோடுவானோ?" என்றார். நான் மார்க்கோவுக்குத்தான் பயப்படுகிறேன் என்று அவர் நினைக்கிறார். எங்கள் இரண்டு பேரில் இனி நான் ஒருத்திதானே அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்தால், அது நீங்கள் இல்லாததால் கிடைத்ததாகாதா? உங்கள் கதிரையில் போய் இருப்பதாகாதா?

போகாமல் விடுவது என்று முடிவெடுத்தேன். சோதனை நிலையத்துக்கு மின்னஞ்சல்கூட எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கணவர் கெனாடி நாற்பதாம் நாளுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

அங்கே நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பதாம் நாள் வரைக்கும் போனவர் வீட்டிலேயே நிற்பார் என்பது உங்கள் ஆட்களின் நம்பிக்கை என்று பிறகுதான் அறிந்தேன். அப்படியென்றால் என் மானம் போன காட்சியை நீங்கள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்திருப்பீர்கள். என்றாலும் என் பக்கத்தையும் கேளுங்கள்.

சிவாவுக்கு வேலை. நான் பிள்ளையோடு தனியே வந்தேன், பேருந்தைத் தவறவிட்டு, பிந்தி. வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்துவிட்டார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. கெனாடி குசினிக்குள். உங்கள் படம் ஜன்னலோரமாக அலுமாரியின் மேல் இருந்தது, பக்கத்தில் மெழுகுதிரி. நான் அதைக் கும்பிட்டேன். எங்கள் வழக்கத்தில் போனவருக்குப் படைப்பதை அப்படிப் படத்துக்கு முன்னால் படைப்போம். மேசையில், மனிதர்களுக்கு நடுவில், போனவருக்கு ஒரு இடம் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேசையின் அந்தத் தலைப்பில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. தட்டு, கரண்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், அதன் மேல் மூடி வைத்த மாதிரி ஒரு துண்டுக் கறுத்தப் பாண். பிந்தி வந்தவளுக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று என் நெஞ்சு நிறைந்துபோனது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதில் போய் இருந்தேன்.

மேசை அமைதியானது. எனக்காகக் காத்திருந்துதான் பிரார்த்தனை தொடங்கப் போகிறார்கள் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்தேன். அந்த நேரத்தில் மடியில் இருந்த இனியா கையை நீட்டி அந்தப் பாணை எடுத்துக் கடித்தாள். விக்கப்போகிறாளே என்று நான் கிண்ணத்தைத் தூக்கி அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மூக்கில் நெடி அடித்தது. அது தண்ணீர் இல்லை, வொட்கா. அதே கணத்தில் பக்கத்தில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

உங்கள் தங்கச்சி வேரா. தொரொண்டோவிலிருந்து வந்தவர். முகம் அப்படியே நீங்கள், சிரிப்பு இல்லாத நீங்கள். அது அவளுடைய இடம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அது அவளுடைய பாண். யாரும் தொடக்கூடாது.

எழும்ப நினைத்தேன், மடியில் பிள்ளை, கையில் கிண்ணம். நான் இதுவரை பயந்தது அத்தனையும் ஒன்றாக வந்து நின்றது. மனதுக்குள் யோசித்துப் பயந்த அதே கதிரையில், ஊரே பார்த்திருக்க, நான் உண்மையிலேயே இருந்தேன். இனியா மட்டும் நிதானமாக மென்றுகொண்டு, படத்தைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"லாலான்ர பாண்."

லாலா என்று அவள் கூப்பிடுவது உங்களைத்தான்; அந்தப் பெயர் அவர்கள் எல்லோருக்கும் விளங்கியது. வேரா என்னைப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். அந்த மேசையில் ஜெர்மன் எல்லோருக்கும் அரைகுறை. தமிழ் எனக்கு மட்டும். பதில் சொல்ல ஒரே வழிதான் இருந்தது.

வந்தது, அக்கா. எப்படி வந்தது என்று தெரியாது. நாங்கள் வீட்டில் சேர்ந்து படிக்கும் நாட்களில் லரீசா அக்கா இவளுக்குக் கறுத்தப் பாணில் பட்டர் பூசிச் சீனி தூவிக் கொடுப்பார், அதனால் இவள் கறுத்தப் பாணுக்கு வைத்த பெயரே லாலாவின் பாண் என்றேன். இது அவருடைய பாண் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்றேன். எங்கள் ஊரில் போனவருக்கு வைக்கிற சாப்பாட்டைக் காகம் வந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டால்தான் போனவர் சாப்பிட்டதாகக் கணக்கு, காகம் வராவிட்டால் வீடு முழுக்கக் கவலைப்படும் என்றேன். இந்த நாட்டிலும் காகங்கள் இருக்கின்றன, ஆனால் கூப்பிட்டால் வராது என்றேன். இடையில் மஸ்ட் வந்தது, ஷுட் ஹாவ் வந்தது, மைட் வந்தது. சரியோ பிழையோ, யார் பார்த்தது?

வேரா கையை எடுத்துவிட்டு, நான் சொன்னதை மேசைக்கு ரஷ்ய மொழியில் சொன்னார். நீளமாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளம் என்று நினைக்கிறேன். கெனாடி அப்பத் தட்டோடு குசினி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். வந்து தட்டை வைத்தார். பாணை இன்று மாலை குருவிகளுக்குத்தான் போடுவதாக இருந்தோம் என்று வேரா மூலம் சொன்னார். பிறகு நேராக என்னைப் பார்த்து, உங்களிடமிருந்து பொறுக்கிய ஆங்கிலத்தில், "சிட். யூ மஸ்ட் சிட்" என்றார். தன் கையால் இன்னொரு துண்டு வெட்டி, பட்டர் பூசி, சீனி தூவி இனியாவுக்கு முன்னால் வைத்தார். வேரா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

போகும்போது வேரா கதவுவரை வந்தார். தொரொண்டோவில் தன் பக்கத்து வீடும் தமிழர்தான், அவர்களும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இரண்டு தட்டுச் சாப்பிடுவார்கள் என்றார். ஒரு மாதிரி சிரித்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே நான் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கத் துணியாததை உங்கள் முகத்திடம் கேட்டேன். அக்காவுக்கு அந்தத் தண்ணீர் ஆய்வுகூட வேலை உண்மையிலேயே வேண்டியிருந்ததா?

"வேணும் எண்டுதான் இருந்தவள்," என்றார். "நல்லா வேணும் எண்டு இருந்தவள். பிளவுஸ்கூட வாங்கி வச்சவள். தன்னை எடுக்க வேணும், இல்லாட்டி தாஷாவை எடுக்க வேணும், மூண்டாவதா ஒரு ஆளை எடுத்தா மன்னிக்க மாட்டன் எண்டு எனக்கு ஃபோனிலை சொன்னவள்."

பேருந்தில் இரண்டு காரியம் செய்தேன். போனவருக்கு வைத்ததைச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஏதாவது வருமோ என்று அவள் நெற்றியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அதை அழுக்குக் கூடையில் போட்டேன். நீங்கள் போன பிறகு அந்தக் கூடைக்குள் ஒன்றைப் போடுவது இதுவே முதல் தடவை. தோய்ப்பது நான்தான். பரவாயில்லை. பிறகு மார்க்கோவுக்குப் பதில் எழுதினேன்.

நேற்றுக் கதைத்தோம். மூச்சு விடாமல் கதைக்கிறார். ஒரு பழைய பூங்காவை என்ன செய்யலாம் என்பது பயிற்சிக் கேள்வி. அவர் அதில் நீச்சல் தடாகம் கட்டி, தேநீர்க் கடை திறந்து, வாகனத் தரிப்பிடமும் போட்டுவிட்டார். நான் இரண்டு தரம், நீங்கள் சொல்வது சரியாக இருக்கக்கூடும் என்றேன். மூன்றாம் தரம் 'பட்' என்றேன். நின்றார். விரிப்பை இழுத்துப் பிடித்தால் எதிரில் நிற்பவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார் அல்லவா, அப்படி இருந்தது.

பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சோதனை அறையில் வாய் திரும்பப் பூட்டிக்கொள்ளக்கூடும். சனிக்கிழமை பேர்ணுக்குப் போகிற ரயில் பிந்தக்கூடும். இனியாவுக்கு வெள்ளிக்கிழமை இரவு பார்த்துக் காய்ச்சல் வரக்கூடும். தேறினாலும் அவர்கள் அந்த மூன்றாவது ஆளை எடுத்துவிடக்கூடும். அதை நீங்கள் மன்னிக்காமல் விட்டால் அந்த ஆய்வுகூடத்தின் கதி என்ன? வேரா சொன்னது என்னைத் தேற்றத்தானோ என்றுகூட இன்று காலை ஒரு யோசனை வந்தது. யாரிடம் கேட்டு உறுதி செய்வது?

ஆனால் ஒன்று விளங்கியிருக்கிறது. சனிக்கிழமை அந்த அறையில் இரண்டு கதிரை இருக்கும். ஒன்று என்னுடையது, அதற்கு நானே காசு கட்டினேன். உங்கள் கதிரையில் இருக்கப்போவது மார்க்கோ. பாவம், அவருக்கு அது தெரியாது. நீங்கள் பின்னால் நின்று அவர் கதைப்பதற்கெல்லாம் உதட்டைச் சுளிக்கப் போகிறீர்கள்.

ஆகவே இதை வாக்காகத் தருகிறேன், அக்கா. போவேன். என் முனையை விடமாட்டேன். அவருடைய முனை வந்து சேருமட்டும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிழை வந்தால் விரித்து முதலிலிருந்து தொடங்குவேன். முடிவு வந்ததும், அந்த வேலைக்கு என்னை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒரு கேக் வாங்கிக்கொண்டு கெனாடியிடம் போவேன். நீங்கள் சொன்னபடி எப்படியும் கேக் இருக்கும். உள்ளே போனதும், முதலில் எந்தக் கதிரை என்று கேட்டுவிட்டுத்தான் இருப்பேன்.

உங்கள் எல்லாவற்றுக்கும்-பயப்படும் தங்கச்சி,
தாஷா